திட்டு வாங்காதவள்

குழல்வாய்மொழிக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. இதைச் சொன்னால் அவளைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அல்லது சிரிக்கக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டு வயதில் வந்த போலியோ அவளுடைய இடது காலைச் சூம்பவைத்துவிட்டுப் போயிருந்தது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புப் பட்டையும் தோல் வாரும் வைத்த காலிப்பர், கையில் ஒரு ஊன்றுகோல், வாசலில் பக்கச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர். இத்தனையையும் வைத்துக்கொண்டு தென்காசி கீழப்புலியூரில் அண்ணன் வீட்டுக்கும், பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே அவள் வேலை பார்த்த கணேசமூர்த்தியின் பத்திரம் எழுதும் கடைக்கும், கோயிலுக்கும், காய்கறிக் கடைக்கும் ஒரு நாளில் எத்தனை தடவை போய்வருவாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. வீட்டில் அவளை மொழி என்று கூப்பிடுவார்கள். "மொழி கால்ல சக்கரம் கட்டிருக்கா" என்று அண்ணன் பெண்டாட்டி, மைனி யோகலட்சுமி சொல்வாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். மொழிக்கு அந்தப் பேச்சில் வருத்தம் இல்லை. நாக்கைக் கடித்துக்கொள்வதில்தான் வருத்தம்.

வயது நாற்பத்தொன்று. அதில் முக்கால்வாசிக் காலம் ஊர் அவளை வாங்கிக்கொள்கிறவர்களின் வரிசையில் நிறுத்தியே பழகியிருந்தது. ஒன்பது வயதில் பள்ளிக்கூட மேடையில் முதல் காலிப்பர். பத்தொன்பதில் தையல் மிஷின், அவளுக்குத் தைக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கொரோனா சமயத்தில் வீடு தேடி வந்த அரிசிப் பை. எல்லாவற்றுக்கும் புகைப்படம் உண்டு. எல்லாப் படத்திலும் கொடுக்கிறவர் கேமராவைப் பார்க்கிறார், அவள் பொருளைப் பார்க்கிறாள். அண்ணன் மகாதேவன் அந்தப் படங்களை ஒரு உறையில் போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் அதைத் தற்செயலாகப் பிரித்துப் பார்த்தவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த நச்சரிப்பு. நான் யாருக்காவது எதையாவது செய்ய வேண்டும், நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ, ஆனால் செய்ய வேண்டும் என்று.

போன வருஷம் சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு அறிவிப்பு வாட்ஸப்பில் சுற்றியது. குற்றாலத்துக்கு வரும் கூட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உதவ ஆட்கள் வேண்டும். காணாமல் போனவர்களைத் தேடிச் சேர்த்துவைப்பது, முதலுதவி, குப்பை எடுப்பது. சாரல் நண்பர்கள் என்று பெயர். நடத்தியவர் பாண்டிராஜ், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், மேலகரத்தில் வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் வைத்திருந்தார். மொழி அன்று சாயங்காலமே ஸ்கூட்டரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். வண்டி கழுவ வந்திருக்கிறாள் என்று நினைத்து ஒருவன் குழாயோடு வந்தான்.

அவள் விஷயத்தைச் சொன்னதும் பாண்டிராஜ் எழுந்து நின்று கும்பிட்டார். நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது, பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள், ஆகஸ்ட் கடைசியில் நிறைவு விழா வைத்திருக்கிறோம், உங்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்திவிடுகிறோம் என்றார். மனசாரத்தான் சொன்னார். மொழி பொன்னாடை வேண்டாம், வேலை வேண்டும் என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். நான்காம் நாள் அவளைப் பார்த்ததும் அவரே பட்டியலை எடுத்து எழுதினார்: பேரருவி, தகவல் மேஜை.

மேஜை என்றால் கார் நிறுத்துமிடத்துப் பக்கம் ஒரு பெரிய குடை, ஒரு மடக்கு மேஜை, கையில் பிடித்துப் பேசும் ஒலிபெருக்கி, ஒரு செல்போன், முதலுதவிப் பெட்டி. கூட ஜெஸி என்று ஒரு பெண். செங்கோட்டைப் பக்கத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், இருபத்தாறு வயது, மூன்று வருஷமாக இந்தக் குழுவில் இருப்பவள். காணாமல் போனவர்களைப் பற்றி யார் வந்தாலும் பெயர், ஊர், யாரோடு வந்தார்கள் என்று மூன்றையும் கேட்டு எழுதிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது பாண்டிராஜின் சட்டம். ஜெஸி முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் யாராவது மேஜைக்கு வந்தால் அவளே எழுந்து பேசிவிடுவாள். "நீங்க இரிங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். மூன்று ஞாயிறு மொழி அந்த நாற்காலியில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். வருகிற போகிறவர்கள் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய் வாசனையும், சீயக்காய் வாசனையும், சிப்ஸ் பொரிக்கிற வாசனையும், ஈரத் துணியோடு ஓடுகிற ஜனமும், எல்லாம் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஊன்றுகோலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஜெஸிக்கு அந்தச் சத்தம் எரிச்சலாக இருந்திருக்க வேண்டும்.

நாலாவது ஞாயிறு, ஜூலை நடுவில், மதியம் இரண்டு மணிக்கு மலையில் மழை பிடித்து அருவியில் தண்ணீர் நிறம் மாறியது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றினார்கள். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் ஈரத்தோடு மேலே ஏறிவந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் எந்தப் பக்கமோ. ஜெஸி வழுக்கி விழுந்த ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். மேஜையில் மொழி மட்டும்தான்.

முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் துண்டோடு ஓடிவந்தார். திருவேங்கடத்திலிருந்து வேனில் வந்திருக்கிறார்கள், அம்மாவைக் காணவில்லை, அறுபது வயது, மஞ்சள் சேலை, கையில் போன் கிடையாது. அவர் பெயர் இசக்கிப்பாண்டி என்பதை மொழி எழுதினாள். அம்மா பெயரை எழுதுவதற்குள் மேஜையிலிருந்த செல்போன் அடித்தது. ஐந்தருவி மேஜையிலிருந்து பேசினார்கள். மஞ்சள் சேலை கட்டின ஒரு வயதான அம்மா தனியாக நிற்கிறார்கள், அழுகிறார்கள், ஆளைத் தேடி யாராவது வந்தால் அனுப்புங்கள் என்றார்கள்.

 மூன்று வாரம் சும்மா இருந்த மொழியின் கைக்கு ஒரு காரியம் வந்துவிட்டது. "ஐந்தருவியில இருக்காங்க, சீக்கிரம் போங்க" என்றாள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு அம்மா இங்கிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஐந்தருவிக்கு எப்படிப் போயிருக்க முடியும் என்று அவளும் யோசிக்கவில்லை, இசக்கிப்பாண்டியும் யோசிக்கவில்லை. அவர் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு வேனைக் கிளப்பிவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் வேன் திரும்பி வந்தது. ஐந்தருவியில் நின்றது வேறு யாரோ ஒரு புளியங்குடிக்காரம்மா. அதற்குள் இங்கே இன்னொன்று நடந்து முடிந்திருந்தது. சிப்ஸ் கடைக்காரர் மசூது சொன்னார். மஞ்சள் சேலையில் ஒரு அம்மா வேன் நின்ற இடத்துக்கு வந்து பார்த்தார்களாம். என்னை விட்டுவிட்டுப் போய்விட்டானே என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, தென்காசி ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டார்களாம். அவர் கூப்பிட்டுப் பார்த்தாராம், திரும்பவில்லையாம்.

"யாரு என்னைய அங்கன அனுப்புனது?" என்று இசக்கிப்பாண்டி மேஜையில் அடித்தார்.

பாண்டிராஜ் விஷயம் கேள்விப்பட்டு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். அவர் நேரே ஜெஸியிடம் திரும்பினார். "ஏட்டி, மூணு வருஷமா இருக்கே, பேரைக் கேக்காம ஆளை அனுப்பலாமா? பக்கத்துல நின்னுக்கிட்டு என்ன பண்ணுன?" ஜெஸி கையில் பஞ்சோடு நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"நான்தான் அனுப்புனேன்" என்றாள் மொழி. அவள் சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் இசக்கிப்பாண்டிக்குக் கேட்டது. சண்டைக்கு வந்த மனிதர் அவளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், பிறகு ஊன்றுகோலை, பிறகு மேஜைக்குக் கீழே இரும்புப் பட்டையை. அவர் தோள் தாழ்ந்தது. "சரி, விடுங்க" என்றார். பாண்டிராஜும், நீங்கள் வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

மொழி வீட்டுக்குப் போகவில்லை. மழையில் ஸ்கூட்டரை எடுத்தாள். காசிமேஜர்புரம், மேலகரம், நன்னகரம் என்று ரோட்டின் இரண்டு பக்கமும் மஞ்சள் நிறத்தைத் தேடிக்கொண்டே போனாள். டீக்கடையில் நின்று கேட்டாள், பஸ் நிறுத்தத்தில் கேட்டாள். ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் மஞ்சள் சேலையோடு ஒரு அம்மா நிற்பதைப் பார்த்து வண்டியைத் திருப்பப் போய் ஒரு ஆட்டோவில் இடிக்கப் பார்த்தாள். அது வேறு அம்மா. தென்காசியில் பழைய பஸ் ஸ்டாண்டு, புதிய பஸ் ஸ்டாண்டு, பெரிய கோயில் வாசல். கோபுரத்துக்குக் கீழே காற்று ஆளைத் தள்ளியது. அங்கே பூ விற்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு நிற்கும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்த அம்மாவின் பெயர் இப்போதும் தனக்குத் தெரியாது. மஞ்சள் சேலை, மஞ்சள் சேலை என்றுதான் ஊரெல்லாம் கேட்டிருக்கிறாள்.  திரும்பவும் ரோட்டோடு குற்றாலத்துக்கே போனாள், வழியெல்லாம் பார்த்துக்கொண்டு.

ஐந்தரை மணிக்கு இசக்கிப்பாண்டிக்குப் போன் வந்தது. அம்மா சுரண்டையில் மகள் வீட்டில் இருக்கிறாள். தென்காசிவரை நடந்து, பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் ஏறி, மகள் வீட்டில் இறங்கி, தலை துவட்டிக் காப்பியும் குடித்துவிட்டுத்தான் போன் பண்ணச் சொல்லியிருக்கிறாள். மகன் ஸ்பீக்கரில் போட்டுச் சத்தம் போட்டார். மறுமுனையில் முப்பிடாதியம்மாள் அசரவில்லை. "வேன் போனா என்ன, ஊர்ல பஸ் இல்லியா? நீ முதல்ல ஈரத் துணிய மாத்து" என்றாள். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். முப்பிடாதியம்மாள் என்ற பெயரை இசக்கிப்பாண்டியின் மனைவி சொல்லி மொழி அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் அவள் கை ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு கிரயப் பத்திரத்தில் வடக்கெல்லையைத் தெற்கில் டைப் அடித்துவிட்டாள். கணேசமூர்த்தி கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு, கண் தெரியலியா, இல்ல மூளை வேலை செய்யலியா, இதைப் பதிஞ்சிருந்தா நாளைக்கு ரெண்டு குடும்பம் வெட்டிக்கிடும் என்று கால் மணி நேரம் கத்தினார். பதினாறு வருஷமாக அவர் அப்படித்தான். கத்தி முடித்ததும் டீ சொன்னார். மொழி டீயைக் குடித்தபடி யோசித்தாள். இந்தக் கடையில் தப்புச் செய்தால் திட்டு விழுகிறது. அதனால்தான் பதினாறு வருஷமாக இங்கே இருக்க முடிகிறது. அங்கே ஒரு அம்மாவைத் தொலைத்தும் ஒரு சொல் விழவில்லை. விழவேண்டிய சொல் ஒரு சின்னப் பெண் தலையில் விழுந்தது. மொழி அதை முழுசாகத் தடுக்கவும் இல்லை. ஒரே ஒரு தடவை, அதுவும் பாதிக் குரலில், நான்தான் என்றாள். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். தேடப் போனதும் நிஜம், ஓடினதும் நிஜம்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாட்டர் சர்வீஸில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினைந்து பேர் இருந்தார்கள். பின்னால் ஒரு லாரியைக் கழுவிக்கொண்டிருந்ததால் பாண்டிராஜ் சத்தமாகப் பேசவேண்டியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி, ஜெஸிக்கு இரண்டு வாரம் மேஜை கிடையாது, குப்பை எடுக்கப் போகட்டும் என்றார். குழுவில் தப்புச் செய்கிற யாருக்கும் அதுதான் வழக்கம். ஜெஸி தலையாட்டினாள்.

மொழி எழுந்தாள். காலிப்பரின் முழங்கால் பூட்டைப் போட்டுக்கொண்டு நிமிர அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஜெஸி பேரை அடிச்சிட்டு எம்பேரை எழுதுங்க. அன்னைக்கு அவ மேஜையிலேயே இல்ல."

"முடிஞ்சுபோச்சும்மா. நீங்க அதை மனசுல வச்சுக்கிடாதீய."

"முடியல. நீங்க என்னைத் திட்டவே இல்லியே."

யாரோ சிரித்தார்கள். பாண்டிராஜ் சிரிக்கவில்லை. லாரிக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார், தண்ணீர் நின்றது. "உங்களைத் திட்ட எனக்கு நாக்கு வரலம்மா. ஏற்கெனவே கடவுள் உங்களுக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"கடவுள் குடுத்தது காலுக்கு அண்ணாச்சி. நான் தப்புப் பண்ணுனது வாயால. ஒரு பேரைக் கேக்க மறந்ததுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?"

பாண்டிராஜ் பேசத் தொடங்கினார்.  முதலில் தடுமாறினார், இரண்டாவது வாக்கியத்தில் பட்டாளத்துக் குரல் வந்துவிட்டது. "சரி. மூணு கேள்வி கேக்கணும்னு சொல்லியிருக்கா, இல்லியா? ஒண்ணைக் கூட முழுசாக் கேக்கல. உங்களுக்கு ஆளைச் சேத்து வைக்கணும்ங்கிறது முக்கியமில்ல, நாம சேத்து வச்சோம்ங்கிறதுதான் முக்கியமாப் போச்சு. அந்தம்மா ரோட்டுக்குப் போனாங்க. தண்ணிப் பக்கமாப் போயிருந்தா? அந்தப் பையன் மூஞ்சில நீங்க முழிப்பீங்களா?"

திட்டு வேண்டும் என்றுதான் கேட்டாள். ஆனால் அது வந்து விழுந்தபோது தாங்கும்படியாக இல்லை. நாம சேத்து வச்சோம் என்றாரே, அந்தச் சொல் குறி தப்பாமல் பாய்ந்திருந்தது.  உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று நின்றுகொண்டே இருந்தாள். பட்டியலில் ஜெஸியின் பெயரை அடித்துவிட்டு அவர் அவளுடைய பெயரை எழுதினார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவரைக் கறுவிக்கொண்டே போனாள். மைனி எடுத்துவைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அருவிக்கரையில் இருந்தாள்.

குப்பை எடுப்பது லேசான காரியம் இல்லை. ஷாம்பு பாக்கெட், எண்ணெய் பாக்கெட், வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன ஈரத் துணி, எல்லாம் கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும். படிக்கட்டுப் பக்கம் அவளால் முடியாது என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் குப்பை எடுத்தவரிடம் பேசி இடம் மாற்றிக்கொண்டாள். அவர் படிகளுக்குப் போனார், அவள் வண்டிகள் நிற்கிற திடல் முழுக்க எடுத்துக்கொண்டாள். ஸ்கூட்டரின் பக்கவாட்டில் சாக்கைக் கட்டி, கணேசமூர்த்தி கடையில் கிடந்த நீளமான இடுக்கியால் எடுத்துப் போட்டாள். மதியத்துக்குள் காலிப்பர் ஷூ ஊறிக் குதிகாலில் தோல் உரிந்தது. ஒரு இடத்தில் ஊன்றுகோல் எண்ணெயில் வழுக்கி முழு உடம்போடு விழுந்தாள்.

ஜெஸி மேஜையிலிருந்து ஓடிவந்தாள். வந்தவள் உடனே தூக்கவில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டுக் கையை மட்டும் நீட்டினாள். மொழி அதைப் பிடித்து எழுந்து கல்லில் உட்கார்ந்ததும் ஜெஸி காயத்தைத் துடைத்தாள், கொஞ்சம் அழுத்தமாகவே துடைத்தாள்.

"அன்னைக்கே நீங்க சத்தமாச் சொல்லியிருக்கலாம்லாக்கா. அத்தனை பேர் முன்னால எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா?"

"சொல்லியிருக்கணும்" என்றாள் மொழி.   ஜெஸி கட்டுப் போட்டு முடித்ததும் மேஜையில் ஆள் இல்லை என்று ஓடிவிட்டாள். அவர்கள் இரண்டு பேரும் சகஜமாகப் பேசிக்கொள்ள இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

இரண்டு ஞாயிறு முடிந்து மொழி மேஜைக்குத் திரும்பியபோது ஜெஸி எழுந்து முந்திக்கொண்டு பேசுவதை விட்டிருந்தாள். பாண்டிராஜும் மாறியிருந்தார். தாமதமாக வந்தால் கேட்டார், எழுத்து புரியவில்லை என்று நோட்டைத் தூக்கிப் போட்டார். நிறைவு விழாவில் பொன்னாடை யாருக்கும் இல்லை. ஆளுக்கு ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் மசூது கொடுத்தார்.

கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வர ஆரம்பித்தது. பாண்டிராஜ் போன் பண்ணி, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரருவி மேஜை உங்களுக்கு என்றார். கேட்கவில்லை, சொன்னார். அன்றைக்குப் புளியங்குடியில் மைனியின் தங்கை மகளுக்கு வளைகாப்பு. மொழி வர முடியாது என்றாள். அவள் வராவிட்டால் இன்னொரு ஆளைத் தேட வேண்டும், கடைசி நேரத்தில் இப்படிச் சொன்னால் எப்படி என்று அவர் முனகிக்கொண்டே போனை வைத்துவிட்டார்.  அவள் இல்லாவிட்டால் ஒருவருக்குச் சிரமம் என்பது அவள் வாழ்க்கையில் புதிது.

வளைகாப்பில் பெண்ணுக்குக் கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மொழியை முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அவள் மடியில் போனை வைத்துக்கொண்டு சாரல் நண்பர்கள் வாட்ஸப் குழுவில் வருகிற செய்திகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பதிலாக மேஜையில் சஃப்ரின் என்கிற புதுப் பெண்ணைப் போட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு ஒருவரைக் காணவில்லை என்று செய்தி வந்தது, ஒன்பதே காலுக்குக் கிடைத்துவிட்டார் என்று வந்தது. பத்து மணிக்கு இன்னொருவர், அவரும் கிடைத்துவிட்டார். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. நன்றாக நடக்கிறதே என்று சந்தோஷப்பட முயன்றாள், அது பாதிதான் வந்தது.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். மொழி முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, பாயசம் வருவதற்கு முன்னால் இலையை மடித்துவிட்டு, எப்ப கிளம்புறோம் என்று அண்ணனைக் கேட்டாள். இப்பதானே வந்தோம் என்றார் அவர்.